பதர்ப் பானையும் ‘எதேச்சை’ என்ற சொல்லும்

பதர் நிறைந்த பானைக்குள் கையை விட்டால் முதலில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ‘சுணை’ ஏறத் தொடங்கும். நெல்லைத் தூற்றும்போது காற்றில் பறந்து தனியாக ஒதுங்குகிற அந்த மணியில்லாத நெல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ரோமம் ஒன்று இருக்கிறது. அது முழங்கை வரைக்கும் ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகாமல், தேங்காய் எண்ணெய் தடவினாலும் போகாமல், அன்று பொழுது சாயும்வரை தோலை அரித்துக்கொண்டே இருக்கும். பதரைத் தொட்டு எனக்குப் பல வருஷமாகிறது. ஆனாலும் பக்கத்தில் யாராவது பேச்சுவாக்கில் ‘எதேச்சையா’ என்று சொல்லிவிட்டால் போதும், என் வலது கையில் அந்த அரிப்பு வந்துவிடுகிறது.

நன்னிலத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில், வாய்க்கால் கரையோரம் பதினாறு கூரை வீடுகள் கொண்டது எங்கள் தெரு. பதினாறு வீடும் ஒரே மிராசுதாரின் நிலத்தில் வேலை செய்தன, அவருடைய இடத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு குடியிருந்தன. அந்தத் தெருவில் ‘எதேச்சையா’ என்கிற சொல்லுக்கு ஏகப்பட்ட வேலை இருந்தது. சோற்று நேரம் பார்த்து வருகிற ஒரு தாத்தா முறைக்காரர், “எதேச்சையா இந்தப் பக்கம் வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே உட்காருவார். “அது என்னமோ நீங்க எதேச்சையா வர்றப்ப எல்லாம் எங்க வீட்டுல ஒல கொதிக்குதுங்க” என்று அம்மா சொல்லிவிட்டு, அவருக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைப்பாள். ஊர் உறங்கும்போது யாரோ பிடுங்கிவிட்ட மடைப்பலகை, காலையில் கேட்டால் எதேச்சையாக நழுவியிருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் எதேச்சையாக எதிரில் வருவார்கள். சண்டை போட்டுப் பேசாமலிருக்கும் அண்ணன் தம்பி குளக்கரையில் எதேச்சையாகச் சந்தித்துச் சமாதானமாவார்கள். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். கேட்டால் சங்கடமாகிவிடும் என்கிற இடத்தில் அந்தச் சொல்லை ஒரு துண்டு போலப் போட்டு மூடிவிடுவது எங்கள் தெருவின் மரியாதை.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை எழுதினால் சிவப்பு மை விழும். எங்கள் தமிழ் ஐயா கறுப்பு சிவப்புக் கரை போட்ட வேட்டிதான் கட்டுவார்; வடசொல் எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. ‘தற்செயலாக’ என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு அதன் சொந்த மொழியில் தன் விருப்பப்படி என்றுதான் பொருள், நம் ஆட்கள்தான் தலைகீழாக வைத்துப் புழங்குகிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். எனக்கு அன்று அதெல்லாம் மனதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் எல்லோரும் எதேச்சையா என்றுதான் சொன்னார்கள்.

அந்தச் சொல்லைத் தெருவிலேயே அழகாகச் சொன்னவர் என் அப்பா. நெல்லுக் கூலியை ஏற்றிக் கேட்டு எங்கள் பக்கம் அறுப்பை நிறுத்தியிருந்த வருஷம், வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரியின் சக்கரங்கள் எங்கள் தெருமுனையில் காற்றுப் போய் நின்றுவிட்டன. ரோடு முழுக்கக் கருவை முள். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது, “முள்ளு எதேச்சையா கெடந்திருக்குங்க” என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாராம். “நாலு கட்டு முள்ளும் எதேச்சையாவாடா?” என்று கேட்ட இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். சிரித்துக்கொண்டேதான் வண்டியில் ஏற்றினார்கள். பதினைந்து நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார் அப்பா. அன்றைக்கு மற்ற ஆண்களின் பெயரைக் கேட்டு அடித்தும் அவர் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாம் அவரை ‘ஜெயிலு மாமா’ என்று கூப்பிட்டார்கள். அவர் சொன்னதை யாரும் தட்டிப் பேசியதில்லை.

எங்கள் தெருவில் சண்டை வரக்கூடிய எதையும் ‘உருண்டை போட்டு’த்தான் தீர்ப்பார்கள். எந்த வரப்பில் யார் புல் அறுப்பது, குளம் வற்றும்போது யாருக்கு எந்த மூலை மீன், முதல் நாள் நடவுக்கு எந்த வீட்டுப் பெண்கள் போவது என்று எல்லாவற்றுக்கும் அதுதான். சின்னத் துண்டுத் தாளில் எழுதி, சுருட்டி, களிமண்ணில் பொதிந்து நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்த உருண்டைகள் ஒன்றோடொன்று மோதினால் உடைந்துவிடும் என்று பானையில் பதரைக் கொட்டி, அதற்குள் அவற்றைப் போடுவார்கள். பானையை ஆட்டக்கூடாது. கிழக்குக் கோடி வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளை கையை விட்டு ஒவ்வொரு உருண்டையாக எடுத்துக் கொடுக்கும். அதை உடைத்துப் படிப்பார்கள். வந்தது வந்ததுதான். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒன்பதாவது வயதில் அந்தக் கை என் கை ஆயிற்று. மற்றப் பெண்கள் சிரிப்பார்கள், யாருக்காவது கண்ணைக் காட்டுவார்கள், எடுத்த பிறகு பெருமை பேசுவார்கள். நான் நாலு பேர் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை. “சரசு எடுக்கட்டும். அது வாயத் தொறக்காது” என்று தெருவே சேர்ந்து முடிவு செய்தது. ஆளில்லாத மூலையாகத் தேடி உட்காரும் எனக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரு முழுவதும் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பது பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அதனால் நான் எனக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டேன். கையை விட்டதும் மேலாக விரலில் படுகிற உருண்டையை எடுக்க மாட்டேன். மேலே இருப்பதை எடுத்தால் நானே பார்த்துப் பொறுக்கியது போல ஆகிவிடும் என்று தோன்றும். பானையின் அடிமண் விரல் நுனியில் தட்டுகிறவரை கையை இறக்கி, அங்கே முதலில் படுகிற உருண்டையைத்தான் எடுப்பேன். அடியில் கிடப்பதை யாரும் தொட்டிருக்க முடியாது, அதுதான் நியாயம் என்பது என் ஒன்பது வயது எண்ணம். அடியில் கிடப்பதுதான் முதலில் வைத்தது என்கிற எண்ணம் எனக்கு வரவே இல்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஒரே ஒருவரைத் தவிர. ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு என்னை நன்னிலத்திலிருந்து சைக்கிளில் முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வரும்போது, அப்பா சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, “அந்தப் பானைக்குள்ள கைய விட்டு என்னாதான் பண்ணுவ, இம்மாம் நேரம்?” என்று கேட்டார். தம்பி பிறந்த பிறகு அப்பா என்னிடம் உட்கார்ந்து பேசியதே கிடையாது. அவனுக்கு நெஞ்சில் இளைப்பு, எந்நேரமும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுதான் அவருக்கு வேலை. அவர் கேட்டுவிட்டாரே என்கிற சந்தோஷத்தில் அத்தனையும் சொல்லிவிட்டேன். அடிமண் தட்டுகிறவரை போவது, முதலில் படுவதை எடுப்பது, ஏன் அப்படி எடுக்கிறேன் என்பது எல்லாம். அப்பா என் தலையில் தாடையை வைத்து அழுத்தி, “நல்ல புள்ள” என்றார். காற்றில் அவர் துண்டு என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் அப்போது நாற்றங்கால் பச்சை. என் சிறுவயதில் மிகவும் இனிப்பான நாள் எது என்று யாராவது கேட்டிருந்தால் அந்த நாளைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம்தான் எங்களுக்கு மனை வந்தது. கூலி கேட்டுக் கொடி பிடித்த தெருவை மிராசுதார் தன் இடத்தைவிட்டுக் கிளப்பப் பார்த்தார். ஒரு குடிசையின் வாசலில் மாட்டைக் கட்டினார், இன்னொன்றின் பின்னால் வேலியை நகர்த்தினார். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஊர்வலம் போய், கடைசியில் அரசாங்கம் எங்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியது. இனி யாரும் எங்களைக் கிளப்ப முடியாது என்று தெருவில் பாயசம் வைத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பதினாறு மனையில் பன்னிரண்டு மனை திடல் மேல் இருந்தன. எந்த வெள்ளத்துக்கும் எட்டாத மேட்டு நிலம். கடைசி நாலு மனை திடலுக்குக் கீழே, வடிகாலை ஒட்டிய பள்ளத்தில். ஐப்பசி கார்த்திகையில் வடிகால் நிரம்பினால் அங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும் என்பது ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அளந்து கல் நட்ட அதிகாரி, யாருக்கு எது என்று நீங்களே பேசி முடித்துப் பெயர் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் அதற்கு ஒரே வழிதானே. பானையை யார் நிரப்புவது என்று கேள்வியே வரவில்லை. அப்பாவைத் தவிர வேறு யாரை நம்புவார்கள்?

எனக்கு அஞ்சலை என்று ஒரு சிநேகிதி. மேற்குக் கோடி வீடு. அவள் அப்பா வரப்பில் பாம்பு கடித்துச் செத்துப் போனவர். அவள் அம்மா காத்தாயியை நான் அத்தை என்று கூப்பிடுவேன், அத்தை என் அப்பாவை ‘அண்ணே’ என்பாள். நடவு வரிசையில் காத்தாயி அத்தை நின்றால் மற்றப் பெண்கள் அவள் கை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திட்டுவார்கள். அஞ்சலையும் நானும் அந்தக் கோடை முழுவதும் மனையைப் பற்றியே பேசினோம். இரண்டு வீடும் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும், நடுவில் ஒரு முருங்கைப் போத்து நட வேண்டும், காய் இரண்டு வீட்டுக்கும் பொது என்று. “நீதானடி எடுக்கப் போற, பாத்து எடேன்” என்று அவள் கேலியாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியெல்லாம் எடுக்கக்கூடாது என்று சொல்லி ஒருநாள் பூராவும் அவளோடு பேசாமல் இருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் உட்கார்ந்து பானையை நிரப்பியதை நான் பார்த்தேன். ஒரு கை பதர் போட்டார், உருண்டைகளை வைத்தார், மறுபடி பதர் போட்டார், மறுபடி உருண்டை. முறத்தில் நாலு உருண்டை தனியாகக் கிடந்தது. அவற்றைக் கடைசியாக மேலே வைத்துப் பதரால் மூடினார். கொட்டிக் கலக்காமல் ஏன் அடுக்குகிறீர்கள் என்று கேட்டேன். கொட்டினால் உடையும் என்றார். நானும் சரி என்று தம்பிக்கு வெந்நீர் எடுக்கப் போனேன்.

மறுநாள் காலையில் திடலிலேயே கூடினார்கள். பானையை ஒரு மணைப்பலகையில் வைத்து, நான் பக்கத்தில் நின்றேன். அப்பா பெயர்ப் பட்டியலை எடுத்ததும் காத்தாயி அத்தை எழுந்து நின்றாள்.

“அண்ணே, எப்பப் பாத்தாலும் கெழக்கால இருந்தே கூப்புடுறீங்க. இந்த ஒரு தடவ மேற்கால இருந்து ஆரம்பிங்களேன்.”

“சூரியனயும் மேற்கால மொளைக்கச் சொல்லிப் பாரு காத்தாயி” என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. “வழக்கத்த மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க தங்கச்சி. பச்சப்புள்ள கையி. எதேச்சையா வர்றது வரட்டும்” என்றார். அத்தை ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான் கையை விட்டேன். அடிமண் தட்டியது. முதல் வீட்டுக்குத் திடல். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் திடல். நாலாவது எங்கள் வீடு. அதுவும் திடல், வேப்பமரத்துக்குப் பக்கத்து மனை. அம்மா தம்பியின் முகத்தை மார்பில் புதைத்துக்கொண்டாள். ஏழாவதாக என் பெரியப்பா பெயர் வந்தபோது பள்ளம் விழுந்தது. என் கை ஏறி இறங்கியதில் மேலே இருந்த ஓர் உருண்டை பதரோடு பதராகச் சரிந்து கீழே வந்திருக்க வேண்டும். அப்பாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்கிற வருத்தம் என்று நினைத்தேன். தெருவும் அப்படித்தான் நினைத்தது. சொந்த அண்ணனுக்கே பள்ளம் விழுந்திருக்கிறது, இதைவிட நேர்மை வேறென்ன என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அன்று திடலில் நடந்தவற்றில் உண்மையாகவே எதேச்சையாக நடந்தது அது ஒன்றுதான்.

பெரியப்பாவுக்குப் பிறகு மறுபடி திடல், திடல் என்றே வந்து, கடைசி மூன்று வீட்டுக்கும் பள்ளம் வந்தது. அஞ்சலை வீட்டு உருண்டையை உடைக்கவே வேண்டியிருக்கவில்லை. பானையில் அது ஒன்றுதான் மிச்சம். இருந்தாலும் உடைத்துப் படித்தார்கள். அஞ்சலை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். காத்தாயி அத்தை புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, “சரி. மிராசு ஐயா எடத்த விட்டு வெளிய வந்தோமே, அதுவே போதும்” என்றாள். என் கை அன்று வழக்கத்தைவிட அதிகமாக அரித்தது.

ஆடிக்குள் எல்லோரும் மண்சுவர் எழுப்பிக் கூரை போட்டுக் குடிவந்தோம். எங்கள் மனை ஓரத்தில் நான் தனியாகவே ஒரு முருங்கைப் போத்து நட்டேன். அஞ்சலை வந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். தெருவில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை. உருண்டை சொன்னதை யார் குறை சொல்வது?

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. நாலாம் நாள் பகலில் வடிகால் கரை தெரியாமல் நிரம்பிப் பள்ளத்துக்குள் புகுந்துவிட்டது. பெரியப்பா வீட்டார் முன்னாடியே மேலே ஏறி வந்துவிட்டார்கள். காத்தாயி அத்தை பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அரிசிப் பானையை எடுப்பதற்காக மறுபடி உள்ளே போனபோது ஊறிப்போன சுவர் சாய்ந்து அவள் காலில் விழுந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவர் அப்பாதான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மண்ணைக் கையாலேயே வாரிப் போட்டு, அத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கணுக்காலுக்குக் கீழே பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் ஒரு மூலையில் நின்று அழுதேன். அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

“நீ ஏன்டி அழுவுற? ஒன் கை என்னா கண்ணு வச்சுப் பாத்தா எடுத்துச்சு? எதேச்சையா விழுந்ததுக்கு யாரப் போயி நோவுறது?”

வாசற்படியில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த அப்பா, பிழிந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடி மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

பொழுது சாயும் நேரம். ஒரே அறை கொண்ட வீடு அது. அடுப்புக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும், அந்தப் பக்கம் எட்டினால் தொடுகிற தூரத்தில் அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அஞ்சலை தன் தம்பியோடு, பெரியப்பா வீட்டார் ஒதுங்கியிருந்த இன்னொரு திடல் வீட்டில் இருந்தாள். நான் அடுப்புச் சாம்பலை எடுத்து என் வலது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எதற்கு இந்தத் தேய்ப்பு என்று அம்மா கேட்டாள். இந்தக் கைதானே எடுத்தது என்றேன். தோல் சிவந்து ரத்தம் கசிகிற மாதிரி ஆனதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

“ஒன் கை மேல ஒண்ணும் இல்லடி. நீ அடியிலேர்ந்துதான் எடுப்பன்னு ஒங்கப்பாவுக்குத் தெரியும். அதுக்குத் தக்கன அடுக்கி வச்சாரு. இந்த எளப்போட ஒன் தம்பி பள்ளத்துல கெடந்தா உசுரு நிக்குமா சொல்லு. வெளிய வாயத் தொறந்துடாத.”

அம்மா என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். அடுப்பில் விறகு ஈரமாக இருந்தது, வீடெல்லாம் புகை. அப்பா தெருவை ஏமாற்றிவிட்டார் என்பதோ, அத்தையை ஏமாற்றிவிட்டார் என்பதோ அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் தோன்றவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். எனக்கு முதலில் தோன்றியது அந்தச் சைக்கிள்தான். என் தலையில் அழுத்திய அந்தத் தாடை, ‘நல்ல புள்ள’ என்ற அந்தக் குரல், முகத்தில் அடித்த துண்டு. அவர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. என் கை எப்படிப் போகும் என்று அளந்துகொண்டு வந்திருக்கிறார். இடித்துச் சொல்லியிருந்தால், இந்த உருண்டையை எடு என்று கட்டாயப்படுத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நியாயமாக இருக்க வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருந்த ஒன்றையே எடுத்து அவர் காரியத்துக்கு வைத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு வராத காரியம். அதற்காகத்தானே என்னைப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

மழை விட்ட மறுநாள் காலையில் அத்தை, குடவாசலில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு வண்டி வைத்து அனுப்பச் சொன்னாள். அப்பா எவ்வளவோ தடுத்தார். திடலிலேயே கூரை போட்டுத் தருகிறேன், எங்கள் மனையில் பாதி எடுத்துக்கொள் என்றுகூடச் சொன்னார். “வேணாம்ணே” என்று மட்டும் சொன்னாள் அத்தை. வண்டியில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு, என் வலது கையை வாங்கி உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். சாம்பல் தேய்த்த புண் அப்படியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அஞ்சலை வண்டியின் பின்னால் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்து போனாள். அவர்கள் திரும்பி வரவில்லை. அத்தையின் பாதம் கோணலாகவே கூடிவிட்டதாகவும், சேற்றில் ஊன்றி நிற்க முடியாமல் நடவுக்கே போகவில்லை என்றும், மாவரைக்கும் கடையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகவும் யாரோ சொல்லக் கேட்டோம்.

அடுத்த பங்குனிக்குள் நான் வயதுக்கு வந்துவிட்டேன். பானை வேறு பெண்ணிடம் போயிற்று.

அப்பாவின் மரியாதை கடைசிவரை குறையவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ பேருக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார், அடி வாங்கினார், யாரிடமும் கை நீட்டியதில்லை. தம்பியின் இளைப்பு பத்துப் பன்னிரண்டு வயதில் நின்றுவிட்டது. இன்று அவன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். பள்ளத்தில் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் மத்தியானம், அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது என்னையறியாமல் கேட்டுவிட்டேன், அந்தப் பானையை ஏன் அப்படி அடுக்கினீர்கள் என்று. ஆமாம், அடுக்கித்தான் வைத்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே மன்னித்திருப்பேன். அப்பா கஞ்சியை விழுங்கிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, “அது எதேச்சையா அமைஞ்சதும்மா” என்றார்.

அவர் செத்தபோது சிவப்புக் கொடி போர்த்தித் தூக்கிப் போனார்கள். தனக்கென்று எதையுமே எடுத்துக்கொள்ளாத மனிதர் என்று வாசலில் நின்று ஒருவர் பேசினார். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் குடவாசலில் பஸ்ஸுக்காக நின்றேன். தலை நரைத்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்து, “சரசுதானே நீ?” என்றாள். அஞ்சலை. “எதேச்சையா ஒன்னயப் பாத்துட்டேன் பாரு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை செத்து இரண்டு வருஷமாகிவிட்டது என்றாள். எனக்கு அரிப்பு முழங்கைக்கு மேல் ஏறியது. அங்கேயே, பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்து, சைக்கிளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள், அழுவாள், கையை உதறுவாள் என்று நினைத்தேன்.

“தெரியும்டி” என்றாள் அஞ்சலை. “அன்னைக்கு ஒங்க வீட்டுல எங்கம்மா தூங்கல.”

பிடித்த கையை அவள் விடவில்லை.

“ஒங்கப்பா மேல அதுக்குக் கோவமே இல்ல. அது அன்னைக்குத் திடல்லயே ஒரு மாதிரியா நெனச்சுச்சாம், மூஞ்சியப் பாத்து. உள்ள போயிட்டு வந்த மனுசன, எங்கப்பன் பேரயும் சேத்துக் காப்பாத்துன மனுசன, எல்லார் முன்னாடியும் எப்படிக் கேக்குறதுன்னு விட்டுருச்சு.” அவள் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. சின்னப்புள்ள, இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வந்து சொல்லும், சொல்லட்டும்னு சொல்லிக்கிட்டே இருக்கும். வாசல்ல யாராச்சும் பொம்பள நின்னா, சரசா பாருன்னு கேக்கும். கடைசி வரைக்கும் கேட்டுச்சு.”

அவளுடைய பஸ் வந்தது. என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

இப்போது திடலில் எல்லாம் காரை வீடுகள். வடிகாலை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. காத்தாயி அத்தைக்கு விழுந்த மனையில் யாரோ தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள். யாருக்கு என்ன என்று ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டிவிடுகிறார்கள். உருண்டை போடுவது என்றால் என்னவென்று என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. பதரைக்கூட இயந்திரம் வயலிலேயே ஊதித் தள்ளிவிடுகிறது, வீடு வந்து சேர்வதில்லை. என் முருங்கை இரண்டு புயலுக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டது.

குடவாசல் எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ். இந்த நாற்பது சொச்ச வருஷத்தில் நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று எத்தனையோ தடவை அந்த ஊர் வழியாகப் போயிருக்கிறேன். அத்தை இருந்த தெரு கடைத்தெருவுக்கு அடுத்த தெருதான். எதேச்சையாகக்கூட நான் அதற்குள் போனதில்லை.